கூற்று–முடிவு கேள்விகள்: முடிவை உடைக்கப் படம் போடுங்கள்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் சித்தி மகள் போன வாரம் ஒரு கூற்று–முடிவுக் கேள்வியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கொடுத்த கூற்றுகள் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் உண்மை என்று வைத்துக்கொண்டு, எந்த முடிவு கட்டாயம் வரும் என்று கேட்கும் வகை அது. "அண்ணா, ரெண்டாவது முடிவு ஏன் தப்பு? படத்துல சரியாத்தானே வருது?" கூடவே அவள் போட்ட வட்டங்களும் இருந்தன. வட்டங்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரே ஒரு படம்தான் போட்டிருந்தாள். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். முதல்நிலைத் தேர்வில் ஒன்றரை மதிப்பெண்ணில் வெளியே நின்ற பிறகுதான் என் பழைய விடைத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இந்தப் பகுதியில் நான் தவறவிட்டவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் போனவை. அதனால் அவளுக்கு எழுதிய விளக்கத்தைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

பல வங்கி முதல்நிலைத் தேர்வுகளில் ரீசனிங் (தருக்கத் திறன்) பகுதிக்கு 20 நிமிடம், 35 கேள்விகள். ஒரு கேள்விக்கு 34 நொடிதான் வரும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அமர்வு வரிசை, புதிர் எல்லாம் நேரத்தைத் தின்பவை. சிலாஜிசம் என்று சொல்லப்படும் இந்தக் கூற்று–முடிவு வகை ஒன்றுதான் பழகிவிட்டால் நொடிகளில் முடிந்து, உறுதியாக மதிப்பெண் தரும் இடம். அதைக் கோட்டை விடக் கூடாது.

"எல்லாம்" என்றால் வட்டத்துக்குள் வட்டம், "சில" என்றால் வெட்டிக்கொள்ளும் வட்டங்கள், "எதுவும் இல்லை" என்றால் தனித்தனி வட்டங்கள். இது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வாக்கியத்தை இறுக்கிப் படியுங்கள்

வட்டத்துக்கு முன்னால் தமிழே நம்மைக் கவிழ்த்துவிடும் இடங்கள் இருக்கின்றன. தமிழ் வினாத்தாள் எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் "சில". கல்யாண மண்டபத்தில் "மாப்பிள்ளை வீட்டுல சில பேர் வந்துட்டாங்க" என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் இன்னும் வரவில்லை என்றும் சேர்த்தே புரிந்துகொள்கிறோம். தேர்வில் அந்த இரண்டாவது பாதி கிடையாது. "சில" என்றால் குறைந்தது ஒன்று, அவ்வளவுதான். மிச்சத்தைப் பற்றிக் கூற்று வாயே திறக்கவில்லை. எல்லாமும் அப்படி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அடுத்தது "எல்லாரும் வரவில்லை". ஒருவர்கூட வரவில்லை என்றும் பொருள்படும், சிலர் வரவில்லை என்றும் பொருள்படும். "எல்லா விளக்குகளும் ரயில்கள் அல்ல" என்று வினாத்தாளில் கண்டால் ஊகிக்காதீர்கள். ஆங்கில வடிவத்தை மாற்றிப் பார்க்கும் வசதி திரையில் இருந்தால் உடனே பாருங்கள். ஐந்து நொடி செலவு, ஆனால் தேவையான செலவு.

மூன்றாவது "மட்டுமே". "தேங்காய்கள் மட்டுமே குடங்கள்" என்றால் தேங்காய் அல்லாத எதுவும் குடம் ஆக முடியாது. அதாவது எல்லாக் குடங்களும் தேங்காய்கள். திசை திரும்பிவிடுகிறது. "சந்தா கட்டியவர்கள் மட்டுமே உறுப்பினர்கள்" என்று மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடிபடும். உறுப்பினர் எல்லாரும் சந்தா கட்டியவர்கள். சந்தா கட்டிய எல்லாரும் உறுப்பினர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"சில மட்டுமே" இதிலிருந்து வேறு. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

படி 2: ஒரு படம் போடுங்கள், பிறகு அதை நம்பாதீர்கள்

இங்கேதான் நான் விழுந்தேன். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

கூற்றுகள்: எல்லாக் குடங்களும் தேங்காய்கள். சில தேங்காய்கள் ரயில்கள்.
முடிவு: சில குடங்கள் ரயில்கள்.

தேங்காய் என்று ஒரு பெரிய வட்டம். அதற்குள் குடம். ரயில் வட்டம் தேங்காயை வெட்ட வேண்டும். இப்போது பேனாவை எடுத்து வரைந்தால், கை என்ன செய்கிறது தெரியுமா? குடம் நடுவில் உட்கார்ந்திருப்பதால், ரயில் வட்டம் தேங்காய்க்குள் நுழைந்ததும் குடத்தையும் தொட்டுவிடுகிறது. கண் அந்த மோதலைப் பார்க்கிறது. "சில குடங்கள் ரயில்கள், சரிதான்" என்று டிக் செய்துவிடுகிறோம்.

ஆனால் ரயிலும் குடமும் தொட வேண்டும் என்று எந்தக் கூற்றும் கேட்கவில்லை. நம் கை போட்டது அது. ரயில் வட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துங்கள். தேங்காயை வெட்டுகிறது, குடத்தைத் தொடவில்லை. இரண்டு கூற்றுகளும் உண்மையாகவே இருக்கின்றன, முடிவு மட்டும் பொய்யாகிவிட்டது. அப்படி ஒரே ஒரு படம் கிடைத்துவிட்டால் போதும், முடிவு செல்லாது.

ஆகவே படம் போடும்போது உங்களையே கேட்க வேண்டிய கேள்வி "இந்த முடிவு வருகிறதா?" என்பதல்ல. "கூற்றுகளைக் கெடுக்காமல் இந்த முடிவை உடைக்க முடியுமா?" என்பதுதான். உடைந்தால் செல்லாது. எப்படி நகர்த்தியும் உடையவில்லை என்றால் செல்லும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு இந்தப் பகுதியில் தடுமாற்றமே இல்லாமல் போனது.

ஒரே படம் நம்மை ஏமாற்றுவதற்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. நாம் "வென் படம்" என்று சொல்லிப் போடுவது உண்மையில் 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் வட்டங்கள். அதில் வட்டத்தை எங்கே வைப்பது என்று வரையும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஜான் வென் 1880இல் கொண்டுவந்த முறை வேறு. எல்லா வட்டங்களையும் முதலிலேயே ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்து, எந்தப் பகுதி காலியோ அதை நிழலிட்டு அடைக்க வேண்டும். தெரியாத இடம் தெரியாததாகவே நிற்கும். மூன்று வட்டம் வரை அது அருமையான முறை. நான்கு, ஐந்து பெயர்கள் வரும் வங்கிக் கேள்வியில் 34 நொடிக்குள் அதை வரைய முடியாது. அதனால் ஆய்லர் வட்டமே போடுங்கள், ஆனால் அதன் குறை தெரிந்து போடுங்கள்.

படி 3: முடிவைத் திருப்பிப் பாருங்கள்

எல்லாக் குடங்களும் தேங்காய்கள் என்பதிலிருந்து "எல்லாத் தேங்காய்களும் குடங்கள்" வராது. "சில தேங்காய்கள் குடங்கள்" வரும். நம்மூர் நியாய சாத்திரத்தில், அதாவது பழைய இந்தியத் தருக்க மரபில், இதற்கு அழகான உதாரணம் உண்டு. புகை இருக்கும் இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கும். ஆனால் நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்காது, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைப் பார் என்பார்கள். அந்தச் சிவந்த இரும்பை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டால் இந்தத் தவறு திரும்ப வராது.

"சில" இரண்டு பக்கமும் திரும்பும்: சில தேங்காய்கள் ரயில்கள் என்றால் சில ரயில்கள் தேங்காய்கள். "எதுவும் இல்லை" என்பதும் திரும்பும். ஆனால் "சில... அல்ல" திரும்பாது.

கூற்றுகள்: சில தேங்காய்கள் ரயில்கள். எந்த ரயிலும் விளக்கு அல்ல.

ரயிலாகவும் இருக்கும் தேங்காய்கள் விளக்காக முடியாது. எனவே "சில தேங்காய்கள் விளக்குகள் அல்ல" செல்லும். "சில விளக்குகள் தேங்காய்கள் அல்ல" செல்லுமா? உடைத்துப் பாருங்கள். விளக்கு வட்டம் முழுவதையும் தேங்காய்க்குள், ரயில் இல்லாத பக்கமாகத் தள்ளிவிடுங்கள். எல்லா விளக்குகளும் தேங்காய்கள் ஆகிவிட்டன, கூற்றுகள் இரண்டும் நிற்கின்றன. உடைந்தது, செல்லாது.

படி 4: "அல்லது" வகை

மீண்டும் முதல் கேள்விக்கு வருவோம். "சில குடங்கள் ரயில்கள்", "எந்தக் குடமும் ரயில் அல்ல" என்று இரண்டு முடிவுகள் கொடுத்திருந்தால்? தனித்தனியே இரண்டும் உடைகின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்தாற்போல் பொய்யாக முடியாது, ஒன்று நிச்சயம் உண்மை. அப்போது விடை "முடிவு ஒன்று அல்லது முடிவு இரண்டு".

இப்படி ஜோடி சேர்வது இரண்டு வகைதான். "சில" உடன் "எதுவும் இல்லை". "எல்லாம்" உடன் "சில அல்ல". முதல் ஜோடியில் பெயர்கள் இடம் மாறி வந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதில் அதே வரிசையில்தான் வர வேண்டும். இரண்டில் ஒன்று ஏற்கெனவே உறுதியாகச் செல்லும் என்றால் "அல்லது" கிடையாது. அவசரத்தில் இந்தக் கடைசி வரியைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள்.

படி 5: "வாய்ப்பு உண்டு" என்று வந்தால்

இப்போது வேலை தலைகீழ். உடைக்க வேண்டாம், பொருந்தும் ஒரு படம் கிடைத்தால் போதும். "எல்லாக் குடங்களும் ரயில்களாக இருக்க வாய்ப்பு உண்டு" என்றால் குடம் முழுவதையும் ரயில் வட்டத்துக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது, கூற்று எதுவும் கெடவில்லை. செல்லும்.

சரி, இப்போது "சில மட்டுமே". ஆங்கிலத்தில் "ஒன்லி எ ஃப்யூ". "சில தேங்காய்கள் மட்டுமே ரயில்கள்" என்றால் தேர்வில் பொருள் இரண்டு: சில தேங்காய்கள் ரயில்கள், சில தேங்காய்கள் ரயில்கள் அல்ல. இங்கே மட்டும் அந்தக் கல்யாண மண்டப "சில" வந்துவிடுகிறது. தமிழில் இதை "இந்தத் தேங்காய்களைத் தவிர வேறு ரயிலே இல்லை" என்றும் காது கேட்கும், அந்தப் பொருளை எடுக்காதீர்கள். ரயில் பக்கம் எந்தத் தடையும் இல்லை.

எல்லாத் தேங்காய்களும் ரயில்களாக வாய்ப்பு உண்டா? இல்லை. எல்லா ரயில்களும் தேங்காய்களாக வாய்ப்பு உண்டா? உண்டு. இதுவரை எளிது. இதைப் பாருங்கள்:

கூற்றுகள்: சில தேங்காய்கள் மட்டுமே ரயில்கள். எல்லாத் தேங்காய்களும் குடங்கள்.
முடிவு: எல்லாக் குடங்களும் ரயில்களாக இருக்க வாய்ப்பு உண்டு.

குடத்துக்கும் ரயிலுக்கும் நேரடியாக ஒரு கூற்றும் இல்லை, ஆகவே வாய்ப்பு உண்டு என்றுதான் தோன்றும். ஆனால் ரயில் ஆகாத தேங்காய் ஒன்றாவது இருக்கிறது. அந்தத் தேங்காயும் குடம்தான். ஆக ரயில் ஆகாத குடம் ஒன்று உறுதி. வாய்ப்பு இல்லை. நான் படத்தில் அந்த ரயில் ஆகாத பகுதியில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். அந்தக் குறி ரயிலுக்குள் போகவே கூடாது. இந்தப் பழக்கம் எனக்குப் பல கேள்விகளைக் காப்பாற்றியிருக்கிறது.

எதைக் கொண்டு பழகுவது

கோடு போடாத நோட்டு, பந்துமுனைப் பேனா. பென்சிலும் ரப்பரும் வேண்டாம். அழித்துத் திருத்தினால் ஒரே படத்தில் நிற்கும் பழக்கம் வரும். பக்கத்திலேயே இரண்டாவது படம் போடுங்கள், கட்டைவிரல் நகம் அளவு போதும். படம் இல்லாமல், பெயர்களுக்கு நூறு, ஐம்பது என்று எண் கொடுத்துப் போடும் நூறு–ஐம்பது முறையில் சிலர் வேகமாகப் போடுகிறார்கள், உறுதியான முடிவுகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. வாய்ப்புக் கேள்விகளில் எனக்கு அது கைகொடுக்கவில்லை. எந்தக் கூற்றுகள் சேர்ந்தால் எந்த முடிவு வரும் என்ற விதி அட்டவணையை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், தேர்வுப் பதற்றத்தில் முதலில் மறப்பது அதுதான்.

பின்சேர்க்கை

கணிதம் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: உலகத்தில் குடமே இல்லை என்றால் "எல்லாக் குடங்களும் தேங்காய்கள்" அப்போதும் உண்மைதானே, பிறகு "சில தேங்காய்கள் குடங்கள்" எப்படி வரும்? அவர் சொல்வது சரி. இன்றைய கணிதத் தருக்கத்தில் அது வராது. வங்கித் தேர்வுகள் அரிஸ்டாட்டில் வழியில் வந்த பழைய மரபைப் பின்பற்றுகின்றன, பெயர் சொல்லப்பட்ட பொருள் குறைந்தது ஒன்றாவது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் மரபு அது. கல்லூரித் தேர்வில் கணித முறை, வங்கித் தேர்வில் இந்த முறை. கலக்காதீர்கள்.

இன்னொருவர், கூற்றில் "எல்லாம்" என்று இருக்கும்போது முடிவில் "சில" என்று வந்தால் தவறு என்றே இதுவரை விட்டுவந்ததாக எழுதியிருந்தார். அது செல்லும். "எல்லாக் குடங்களும் தேங்காய்கள்" என்றால் "சில குடங்கள் தேங்காய்கள்" நிச்சயம் உண்மை. படி 1இல் உள்ள "சில" பத்தியை மறுபடி படித்துவிட்டு, இதைப் போட்டுப் பாருங்கள்:

கூற்றுகள்: எல்லா மேகங்களும் செருப்புகள். சில செருப்புகள் மட்டுமே கடிகாரங்கள். எந்தக் கடிகாரமும் பூட்டு அல்ல.
முடிவுகள்: ஒன்று, எல்லா மேகங்களும் கடிகாரங்களாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு, எல்லாச் செருப்புகளும் பூட்டுகளாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்று, சில செருப்புகள் பூட்டுகள் அல்ல.

ஒன்றும் மூன்றும் செல்லும், இரண்டு செல்லாது. இரண்டு ஏன் செல்லாது என்பதற்கான காரணம் மூன்றிலேயே இருக்கிறது.