இளைஞர் மன்றத்துக்குக் கையேடு ஜெராக்ஸ் எடுக்கும் முன்

எங்கள் மன்றத்தின் ஞாயிறு வகுப்புக்கு ஒரு அறிவியல் கையேட்டைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. "காசு வாங்காமல்தானே கொடுக்கிறோம்?" என்று பலரும் கேட்டார்கள். இலவசமாகக் கொடுப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. நான் போன வழியைச் சொல்கிறேன்.

1. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். உரிமை ஆசிரியரிடமா, பதிப்பகத்திடமா என்று பெரும்பாலும் அங்கேதான் போட்டிருக்கும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அது முடிந்திருந்தால் நேராகக் கடைக்குப் போகலாம்.

2. சட்டத்தில் இருக்கும் விலக்கைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்கை விரிவாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் அது பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கான பக்கத் தொகுப்பு பற்றிய வழக்கு. மன்றத்து வகுப்பில் ஒரு முழுக் கையேட்டையே பிரதி எடுக்க அதை நம்பி இறங்காதீர்கள் என்பதே என் கருத்து.

3. அனுமதி கேளுங்கள். அதிக நாள் இழுத்தது இதுதான். "உங்கள் புத்தகத்தைப் பயன்படுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வருவதே கஷ்டம். எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பக்கங்கள், எத்தனை பிரதி, யாருக்கு, எந்த மாதம் வரை, விலை உண்டா என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்கும் என்பதையும் சேருங்கள். பதில் எழுத்தில் வேண்டும், ஏனென்றால் உரிமம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். போனில் "சரி, எடுத்துக்கோங்க" என்றால், அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. கடைக்காரரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, உரிமைப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் நான் முதலில் போவது பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்துக்கு. தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், படைத்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டு அச்சிடலாம். காத்திருக்கவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: பாரதியார் கவிதைகளை எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கவிதைகளைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் புதுப் பதிப்பில் இருக்கும் உரைக்கும் ஓவியத்துக்கும் தனி உரிமை உண்டு, அந்தப் பக்கங்களை அப்படியே நகலெடுக்காமல் கவிதையை மட்டும் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். இன்னொருவர், அனுமதி வாங்கிய கையேட்டை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்றார். தாள் பிரதிக்கு வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது. வேண்டுமென்றால் முதல் கடிதத்திலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.