‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டை மேடையில் பிசகாமல் வாசிக்க

கிட்டாரை முதன்முதலாகக் கையில் எடுத்த எல்லோரும் வாசித்துப் பார்க்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) இது. அதனாலேயே ஒத்திகையில் இதற்கு நேரம் ஒதுக்காமல் மேடையேறும் குழுக்கள் அதிகம். இந்தப் பாட்டின் சொந்தக்காரர்களான பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்டில் ஜப்பானில் மூன்று இரவுகள் வாசித்ததைப் பதிவு செய்து ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பமாக்கியது. அதில் இந்தப் பாட்டு மட்டும் ஒசாகாவின் முதல் இரவிலிருந்து எடுக்கப்பட்டது. தொடக்க ரிஃப் சரியாக அமைந்தது அந்த ஒரு இரவில்தான். ரிஃபை உருவாக்கிய அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோருக்கே மேடையில் நழுவுகிறதென்றால், நாம் அதைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பழகுவதில் தவறில்லை.

ரிஃப்

பவர் கார்டு (அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்த பிடி) போட்டு வாசிப்பதுதான் பரவலான பிழை. இது இரண்டு சுரங்களை நான்காம் இடைவெளியில் சேர்த்து வாசிப்பது. டி, ஜி ஆகிய இரு கம்பிகள் மட்டும் போதும். விரல் வைக்காத திறந்த கம்பியை 0 என்று கொண்டால் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் கட்டம்) வரிசை இது: 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. மூன்றாம் ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலாலும், ஐந்தாம் ஃப்ரெட்டை மோதிர விரலாலும் இரு கம்பிகளும் சேர அழுத்துங்கள். ஆறுக்கு மோதிர விரலை ஒரு ஃப்ரெட் மேலே தள்ளினால் போதும்.

பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஓரமாக வைத்துவிடுங்கள். பிக்கால் அடித்தால் டி கம்பி முதலிலும் ஜி கம்பி ஒரு கணம் பின்னாலும் ஒலிக்கும். கட்டைவிரலால் டி கம்பியையும் ஆள்காட்டி விரலால் ஜி கம்பியையும் ஒரே நேரத்தில் கிள்ளினால்தான் இரண்டும் ஒன்றாக வெடிக்கும். பிளாக்மோர் கிள்ளித்தான் வாசித்தார். தடித்த இரு கம்பிகள் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதி படிந்திருக்கட்டும். இல்லையென்றால் மேடை ஒலியில் அவை தாமாகவே அதிர்ந்து ஹூங்காரம் போடும்.

தாளத்தில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் மூன்று சுரங்கள் 1, 2, 3 அடிகளில் நேராக விழுகின்றன. மூன்றாவதை ஒன்றரை அடி பிடிக்க வேண்டும். இரண்டாம் சொற்றொடரின் 0 அடுத்த பாரின் (நான்கு அடி கொண்ட தாளக் கட்டம்) முதல் அடியில் வராது. நான்காம் அடிக்குப் பிறகு வரும் அரையடியிலேயே வந்துவிடும். அடுத்து 3 முதல் அடியின் பின்பாதியிலும், 6 இரண்டாம் அடியின் பின்பாதியிலும் விழ, 5 மூன்றாம் அடியில் நேராக வந்து நிற்கும். காலால் அடியைத் தட்டிக்கொண்டு, கிட்டார் இல்லாமல் வாயால் சொல்லிப் பழகுங்கள். வாய்க்கு வராதது விரலுக்கும் வராது.

ஆம்பில் கெய்னை (ஒலியைக் கரகரக்க வைக்கும் அளவு) குறையுங்கள். இரண்டு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும் அளவே சரி. கூட்டினால் கனம் ஏறாது, குழம்பும்.

நுழைவு வரிசை

பாட்டின் உயிர் இதில்தான். முதலில் கிட்டார் தனியாக. பிறகு ஹை-ஹாட்டும் (டிரம்மின் ஜோடிச் சிம்பல்) கரகரத்த ஆர்கனும் சேரும், அதன் பின் மற்ற டிரம்கள், அதன் பின் பேஸ் கிட்டார், கடைசியில் குரல். டெம்போ நிமிடத்துக்கு 112-லிருந்து 115 அடி வரை. 114-ல் நான்கு பார் கொண்ட ஒரு சுற்று சுமார் எட்டரை விநாடி. ஆறு சுற்று என்றால் 50 விநாடி. எந்தச் சுற்றில் யார் நுழைகிறார் என்று தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பேஸ் சீக்கிரமே வந்துவிட்டால் ஏற்றமே போய்விடும். பேஸ் வந்த பிறகு ஜி சுரத்தில் அரையடிகளாக நிதானமாக ஓட வேண்டும், ரிஃபைப் பின்தொடரக் கூடாது.

முதல் சுரம் கேட்டதுமே கூட்டம் கைதட்டத் தொடங்கும். அந்தக் கைதட்டலைக் கேட்டு வாசிக்கவே வாசிக்காதீர்கள். 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு உங்கள் ஒலி போய், அவர் கைதட்டல் திரும்பி வர 0.17 விநாடிக்கு மேல் ஆகும். 114 டெம்போவில் கால் அடியே 0.13 விநாடிதான். அதோடு ஒட்டி வாசித்தால் இழுத்துக்கொண்டே போவீர்கள். தனியாகத் தொடங்கும் கிட்டார் கலைஞர் பதற்றத்தில் வேகம் கூட்டுவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: டிரம்மர் காதில் கிளிக் (தாளம் காட்டும் ஒலி) வைத்துக்கொண்டு, நான்கு எண்ணிக் கொடுத்து, தன் முறை வரும்வரை குச்சியால் ஹை-ஹாட்டின் விளிம்பைக் கிட்டாருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லத் தட்டட்டும்.

ஆர்கன்

டீப் பர்ப்பிளின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் ஹாம்மண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாகச் செலுத்தினார். பதிவில் ரிஃப் அவ்வளவு தடிமனாகக் கேட்பதில் பாதி அவருடையது. கீபோர்டில் சுத்தமான ஆர்கன் ஒலியை அப்படியே விடாமல் ஓவர்டிரைவ் (கரகரப்பு) சேருங்கள். கீபோர்டே இல்லையென்றால் இரண்டாவது கிட்டார் அதே ரிஃபை, அதே இரு கம்பிகளில், கெய்ன் இன்னும் குறைவாக வைத்து வாசிக்கட்டும். ஒலிப் பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: ரிஃப் 147 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, பேஸின் ஜி 49 ஹெர்ட்ஸ். கிட்டார், ஆர்கன் இரண்டிலும் 100-க்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும்.

கோரஸ்

கார்டுகள் சி, ஏ ஃப்ளாட், ஜி. ஏ ஃப்ளாட்டுக்குப் பதில் ஏ போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். இரண்டாம் முறை சி, ஏ ஃப்ளாட் முடிந்ததும் ஜி-யில் நின்றுவிடக் கூடாது, உடனே ரிஃப். அங்கே ஒருவர் நின்று மற்றவர் ஓடுவதுதான் மேடையில் மிகவும் அசிங்கமாகக் கேட்கும் பிழை. அந்தத் திருப்பத்தை மட்டும் இருபது முறை வாசியுங்கள்.

பாடகருக்குச் சுருதி உயரமாக இருந்தால் ரிஃபை வேறு ஃப்ரெட்டுக்கு நகர்த்த வேண்டாம், திறந்த கம்பியின் ஒலி போய்விடும். எல்லாக் கம்பிகளையும் அரை சுரம் இறக்குங்கள். தளர்ச்சி உறுத்தினால் 10 தடிமனுக்குப் பதில் 11 தடிமன் கம்பி போடுங்கள்.

முடிவு

1972 ஸ்டுடியோ ஆல்பப் பதிவு மெல்லத் தேய்ந்து மறைகிறது. மேடையில் அப்படி மறைய முடியாது. டீப் பர்ப்பிள் தந்த விடை, கிட்டாரும் ஆர்கனும் மாறி மாறிப் பேசும் நீட்டிப்பு. ஸ்டுடியோ ஆல்பத்தில் ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் முடியும் பாட்டு ஜப்பானில் ஏழு நிமிடத்தைத் தாண்டியது. 1973-ல் அமெரிக்காவில் வந்த சிங்கிளில் ஒரு பக்கம் ஸ்டுடியோ வடிவமும் மறுபக்கம் இந்த மேடை வடிவமும் இருந்தன. அது அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டில் 4-ஆம் இடம் வரை போனது. ஆகவே நீட்டிக்கத் தயங்காதீர்கள், அளவு மட்டும் வையுங்கள்: கடைசிக் கோரஸுக்குப் பின் ரிஃப் இரண்டு சுற்று, ஆளுக்கு நான்கு பார் வீதம் நான்கு முறை பரிமாற்றம், பிறகு எல்லோரும் சேர்ந்து ரிஃப் ஒரு சுற்று, ஜி-யில் முடிவு.

சைகை கொடுப்பவர் ஒருவராக மட்டுமே இருக்கட்டும். கிட்டாரின் கழுத்தை உயர்த்தினால் அடுத்த சுற்றே கடைசி. கடைசிச் சிம்பல் அடிக்குப் பிறகு டிரம்மர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து நிறுத்தும் அதே கணத்தில் மற்றவர்களும் கம்பிகளை அமுக்கிவிட வேண்டும்.