ஸ்பெயினில் புது வீடா? விலைக்கு மேல் 13 சதவீதம் எடுத்து வையுங்கள்

பில்டர் கையில் கொடுக்கும் விலைப்பட்டியலில் 3 லட்சம் யூரோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதன் வாலில் எறும்பு ஊர்ந்தது போல '+ ஈவா' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எறும்பின் எடை 30,000 யூரோ. ஈவா என்பது ஸ்பெயினின் மதிப்புக் கூட்டு வரி, புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு 10 சதவீதம். அது போக முத்திரைத் தீர்வை, நோட்டரி, பதிவு, வக்கீல் எல்லாம் தனித்தனியாக வரும். எல்லாவற்றையும் கூட்டினால் தோராயமாக 13 சதவீதம், இடத்தைப் பொறுத்து ஒன்றரை சதவீதம் அப்படி இப்படி இருக்கும். மொத்தம் எவ்வளவு என்பதை விற்பவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். எது எந்த மாதம் கையை விட்டுப் போகும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பலரும் தடுமாறுவது அங்கேதான்.

முதலில், நீங்கள் வாங்குவது வரிச் சட்டத்தின் கண்ணில் 'புது வீடு'தானா என்று பாருங்கள். பெயின்ட் வாசனை அடிப்பதால் மட்டும் அது புது வீடு ஆகிவிடாது. கட்டியவர் முதன்முறையாக விற்கும் விற்பனைக்குத்தான் ஈவா. அதற்கு அடுத்து கைமாறும் விற்பனைக்கெல்லாம் ஈவா கிடையாது, அதற்குப் பதிலாக ஐ.டி.பி என்ற சொத்து மாற்ற வரி. இதில் ஒரு சுவாரஸ்யமான ஓட்டை உண்டு. கட்டியவரே அந்த வீட்டை விற்காமல் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாடகைக்கு விட்டிருந்து, பிறகு குடியிருந்தவர் அல்லாத வேறொருவருக்கு விற்றால், அது இரண்டாவது விற்பனையாகவே கணக்கில் வரும், அதாவது ஈவா இல்லை, ஐ.டி.பி. விற்காமல் தேங்கிப்போன குடியிருப்புகளில் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கலாம், எனவே 'கட்டி முடித்த பிறகு இதில் யாராவது குடியிருந்தார்களா, எவ்வளவு காலம்?' என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐ.டி.பி ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு. மாட்ரிட்டில் 6, ஆண்டலூசியாவில் 7, கட்டலோனியாவில் 10-இல் தொடங்கி விலை ஏற ஏற மேலே போகும். புது வீட்டுக்கு ஈவா எல்லா இடத்திலும் ஒரே 10தான், ஆனால் அதோடு ஒட்டி வரும் முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே இதை ஏ.ஜே.டி என்பார்கள். மாட்ரிட்டில் 0.75, ஆண்டலூசியாவில் 1.2, கட்டலோனியாவில் 1.5 சதவீதம். ஆக மாட்ரிட்டில் புதுசுக்கும் பழசுக்கும் வரியில் கிட்டத்தட்ட 5 சதவீத வித்தியாசம், கட்டலோனியாவில் ஒன்றரைதான். 'புது வீடு என்றால் வரி அதிகம்' என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கேனரி தீவுகள் தனிக் கதை, அங்கே ஈவாவே கிடையாது, இகிக் என்ற வேறு வரி, புது வீட்டுக்குப் பொதுவாக 7 சதவீதம்.

கார் நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் கவனம். வீட்டோடு சேர்த்து அதே கட்டடத்தில் விற்கப்படும் இடங்கள் இரண்டு வரை 10 சதவீதத்திலேயே அடங்கும். மூன்றாவது வேண்டும் என்றாலோ, வீடு வாங்கிய பிறகு தனியாக ஒன்று வாங்கினாலோ 21 சதவீதம். அதனால் கார் நிறுத்தும் இடமும் சாமான் அறையும் வேண்டுமென்றால் வீட்டோடு ஒரே பத்திரத்தில் வாங்குங்கள். சோபா, கட்டில், திரைச்சீலை என்று தனி பில்லில் வரும் 'ஃபர்னிச்சர் பேக்' என்ற சமாச்சாரத்துக்கும் 21தான்.

சரி, இப்போது பணம் எப்போது போகும் என்ற கதைக்கு வருவோம். வரி என்றால் பத்திரம் எழுதும் அன்று கட்டுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்கினால் அப்படி இல்லை, ஒவ்வொரு முன்பணத்தோடும் அதற்குரிய ஈவாவும் கூடவே போகும். ஒப்பந்தத்தின்போது 20 சதவீதம் என்று சொன்னார்கள், நான் 60,000 யூரோவைத் தயாராக வைத்திருந்தேன், வந்த கடிதத்தில் 66,000 என்று இருந்தது. அந்த ஆறாயிரத்தை வேறொரு கணக்கிலிருந்து நாணயம் மாற்றி அனுப்புவதற்குள் நாலு நாள் தூக்கம் போயிற்று.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஆண்டலூசியாவில் இருக்கும் மலாகாவில் 3 லட்சம் யூரோ வீடு, கட்டி முடிப்பதற்குள் 30 சதவீதம் கொடுக்க வேண்டும், மீதி சாவி வாங்கும் அன்று. முதல் பகுதியில் போவது 90,000 கூட 9,000 ஈவா. சாவி அன்று 2,10,000 கூட 21,000. அதற்குப் பிறகு முத்திரைத் தீர்வை 3,600. நோட்டரியும் பதிவும் சேர்ந்து ஒன்றரையிலிருந்து இரண்டாயிரம். வக்கீல் 1 சதவீதம் கேட்டால் 3,000, அவருடைய பில்லுக்கும் 21 சதவீத ஈவா உண்டு, ஆக 3,630. மொத்தம் 39,000-ஐ ஒட்டி வரும். முன்பதிவுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தில் ஈவா அடங்கியிருக்கிறதா, இல்லையா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்த முன்பணத்துக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்காமல் ஒரு யூரோ கூட அனுப்ப வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டப்படி, கட்டட அனுமதி கிடைத்ததிலிருந்து வாங்குபவர் கொடுக்கும் முன்பணத்துக்கு பில்டர் வங்கி உத்தரவாதமோ காப்பீடோ தர வேண்டும், பணமும் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். வீடு குறித்த தேதிக்குள் கிடைக்காமல் போனால் கொடுத்த பணம் வட்டியோடு திரும்பி வரும். அந்த உத்தரவாதம் வரியையும் சேர்த்தே மூட வேண்டும். உத்தரவாதத் தாளில் 90,000 என்று இருக்கிறதா, 99,000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 90,000 என்று இருந்தால் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், சங்கடமே படாதீர்கள்.

பத்திரம் எழுதும் நாள் நோட்டரி அலுவலகத்தில் நடக்கும். அங்கே நோட்டரி என்பவர் முத்திரை குத்திவிட்டுப் போகிறவர் இல்லை, அரசு நியமித்த சட்ட அதிகாரி, அவருடைய கட்டணமும் அரசு நிர்ணயித்த விகிதப்படிதான். அதனால் எங்கே மலிவு என்று தேடி அலைய வேண்டியதில்லை, ஆனால் எந்த நோட்டரி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவரான உங்களுக்குத்தான். பத்திரம் முடிந்ததும் மாடல் 600 என்ற படிவத்தில் முத்திரைத் தீர்வையைக் கட்ட வேண்டும், கெடு மாநிலத்தைப் பொறுத்து ஒரு மாதமோ இரண்டு மாதமோ. அது கட்டப்பட்டதற்கான சான்று இல்லாமல் பதிவு அலுவலகம் உங்கள் பெயரை ஏற்றாது. இந்த ஓட்டத்தையெல்லாம் 'ஹெஸ்தோரியா' என்ற இடைநிலை அலுவலகம் பார்த்துக்கொள்ளும், அதற்காக முன்கூட்டியே ஒரு தொகையை வாங்கி வைப்பார்கள். கொஞ்சம் தாராளமாகவே கேட்பார்கள். எனக்கு நானூறு யூரோ சொச்சம் திரும்பி வர வேண்டியிருந்தது, மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது. எல்லா ரசீதையும் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது லாபத்தைக் கணக்கிட இந்தச் செலவுகளையும் வாங்கிய விலையோடு சேர்க்கலாம், ரசீது இல்லையென்றால் அது போச்சு.

பில்டர் உங்கள் தலையில் கட்டக்கூடாத செலவுகளும் உண்டு. நிலம் நகர்ப்புறத்தில் மதிப்பு ஏறியதற்காக நகராட்சி வாங்கும் 'ப்ளுஸ்வாலியா' வரி விற்பவருடையது. கட்டடத்தை அடுக்குமாடியாகப் பிரித்துப் பதிவு செய்த செலவு, கட்டடம் எழுந்ததை அறிவிக்கும் பத்திரச் செலவு, இவையும் பில்டருடையவை. இவற்றை வாங்குபவரே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நுகர்வோர் சட்டப்படி அந்த நிபந்தனை செல்லாது. பில்டர் ஏற்கெனவே வாங்கிய வங்கிக் கடனை நீங்களே தொடர்ந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் அப்படித்தான்.

கடன் வாங்கினால் 2019-இல் வந்த அடமானச் சட்டம் உங்கள் பக்கம். கடன் பத்திரத்துக்கான நோட்டரி, பதிவு, ஹெஸ்தோரியா, முத்திரைத் தீர்வை எல்லாம் வங்கியின் செலவு, வீட்டு மதிப்பீட்டுக் கட்டணமும் உங்களுக்குக் கூடுதலாக ஒரு பிரதி வேண்டுமென்றால் அதன் செலவும் மட்டும் உங்களுடையது. வாங்கும் பத்திரத்தின் முத்திரைத் தீர்வையையும் கடன் பத்திரத்தின் முத்திரைத் தீர்வையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வங்கிகள் பொதுவாக 60, 70 சதவீதம் வரைதான் தருகின்றன, அதுவும் வீட்டின் விலைக்கு. வரிக்குக் கடன் கிடைக்காது, அந்த 13 சதவீதம் முழுக்கக் கைக்காசு.

என்.ஐ.இ என்ற வெளிநாட்டவர் எண் இல்லாமல் எதுவும் நகராது, முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள், கட்டணம் அற்பம். நேரில் போக முடியாமல் வேறொருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அதற்கு அப்போஸ்தில் முத்திரையும் (ஒரு நாட்டுப் பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்க வைக்கும் சான்று) ஸ்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும், இரண்டு வாரமாவது முன்னதாகத் தொடங்குங்கள். அப்புறம், வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று இன்னும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் திட்டம் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

சாவி வாங்குவதற்கு முன், அந்தக் கட்டடத்தில் ஆட்கள் குடியேறலாம் என்ற அனுமதி, அதாவது முதல் குடியிருப்பு உரிமம் வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இல்லாமல் வீட்டைக் கொடுத்தால் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின்சாரத்தில் காலம் தள்ள வேண்டி வரலாம்.

வீடு கைக்கு வந்த பிறகு வருடாவருடம் இரண்டு வரி. ஒன்று நகராட்சியின் வீட்டு வரியான ஐ.பி.ஐ. மற்றது வெளிநாட்டில் வசிப்பவர் கட்டும் வருமான வரி, மாடல் 210. வீட்டை வாடகைக்கு விடவே இல்லை, கோடையில் நாங்கள் மட்டும் போய் இருக்கிறோம் என்றாலும் கட்டியாக வேண்டும், ஏனென்றால் அந்த வீடு உங்களுக்கு ஒரு கற்பனை வருமானம் தருவதாக அரசு வைத்துக்கொள்கிறது. வழக்கமாக அது அரசு மதிப்பின் 1.1 அல்லது 2 சதவீதம். புது வீட்டுக்கு அரசு மதிப்பு இன்னும் வரவில்லை என்றால் வாங்கிய விலையில் பாதியை எடுப்பார்கள். நம் உதாரணத்தில் 1,50,000-இல் 1.1 சதவீதம் 1,650. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு அதில் 19 சதவீதம், வெளியே வசிப்பவருக்கு 24. பிரிட்டனில் வசிப்பவருக்கும் இப்போது 24தான், ஆக 396 யூரோ. வீடு வாங்கிய வருடத்துக்கு எத்தனை நாள் உங்கள் பெயரில் இருந்ததோ அதற்கு மட்டும். அந்த வருடத்துக்கு உரியதை மறுவருடம் டிசம்பர் 31-க்குள் கட்டலாம்.

புது வீட்டின் ஐ.பி.ஐ முதல் ஒன்றிரண்டு வருடம் வராமலே இருக்கலாம். வரி இல்லை போலிருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், நில அளவைப் பதிவில் வீடு ஏறியதும் பழைய பாக்கி நான்கு வருடம் வரைக்கும் சேர்ந்து வரலாம். அந்தக் கடிதம் வீட்டுத் தபால் பெட்டியில் போய் விழும், நீங்களோ வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறப்பீர்கள், அதற்குள் அபராதம் 20 சதவீதம் ஏறியிருக்கும். ஸ்பானிய வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டு, கணக்கில் ஆயிரம் யூரோவாவது கிடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.