தனியார் தொழிற்கல்லூரியில் சேர முன் பார்க்க வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே யாழ்ப்பாணத்தில் துண்டுப்பிரசுரங்கள் வீடு தேடி வரத் தொடங்கிவிடும். யாழ். நகரிலும் சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கங்களிலும் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு நடக்கும் சிறிய கல்லூரிகள் பல. சிறியது என்பதற்காக ஒதுக்க வேண்டாம். பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கைவேலையும் தெரியும். ஆனால் பிள்ளை படித்து முடித்ததும் கையில் வரும் கடதாசி எது, அதில் கையொப்பம் இடுவது யார் என்பதைக் காசு கட்ட முன்னமே அறிந்துகொள்ள வேண்டும்.

அதனால் முதல் நாளே கட்டணத்தைக் கேட்காதீர்கள். போன அணியில் முடித்த ஒருவரின் சான்றிதழ்ப் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். தேசிய தொழிற்தகைமை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ சான்றிதழ் என்றால் அதில் தொழிலின் பெயரும் மட்டமும் இருக்கும். மட்டங்கள் 1 முதல் 7 வரை: 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தொழில் கற்றவர் என்று வெளியில் மதிப்பது பெரும்பாலும் 4இலிருந்துதான். கல்லூரியின் சொந்த முத்திரை மட்டும் உள்ள 'டிப்ளோமா' இந்த வரிசையில் எங்கும் நிற்காது.

அடுத்தது பதிவு. பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இதுதான். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இரண்டு வேறு காரியங்களைச் செய்கிறது. ஒன்று நிறுவனத்தைப் பதிவு செய்வது. மற்றது ஒவ்வொரு பாடநெறியையும் தனித்தனியே பரிசீலித்து அங்கீகரிப்பது. பதிவு இருந்தும் பாதிப் பாடநெறிகளுக்கு அங்கீகாரம் இல்லாத கல்லூரி இருக்கலாம். பிரசுரத்தின் உச்சியில் ஆணைக்குழுவின் இலச்சினையை அச்சிட்டு, கீழே பத்து நெறிகளை வரிசையாகப் போட்டால், பத்துக்கும் அந்த இலச்சினை பொருந்தும் என்றே வாசிப்பவர் நினைப்பார். ஆகவே அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: நெறியின் பெயர், மட்டம், காலாவதித் திகதி, முகவரி. முகவரியை விட்டுவிட வேண்டாம். கொழும்புத் தலைமையகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் யாழ்ப்பாணக் கிளைக்குத் தானாக வந்து சேராது. பிறகு ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடிதத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் மேலே பேச ஒன்றுமில்லை.

தாதியர் நெறிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சொல். 'தாதி' என்று பெயர் வைத்த தனியார் நெறிகள் பல உண்மையில் தாதி உதவியாளர், பராமரிப்பாளர் பயிற்சிகள். அந்த வேலைக்கு அவை பயன்படும். அரச வைத்தியசாலைத் தாதிய நியமனத்துக்கு அது வழியல்ல. அதற்கு உயர்தரத் தகைமை பார்த்துச் சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரித் தன் பாடசாலைகளில் பயிற்றுகிறது. 'இலங்கைத் தாதியர் சபையில் பதியலாமா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு டிப்ளோமா என்றால், கொடுக்கும் அமைப்பு எது என்று கேட்டு, இந்தக் கிளை அனுமதி பெற்ற நிலையமா என்று அந்த அமைப்புக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

கடதாசி சரி என்றால் பட்டறைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை 'திறந்த நாள்' வேண்டாம்; வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் காலை பத்து மணிபோல் போங்கள். குளிரூட்டி திருத்தும் நெறியை எடுத்துக்கொள்வோம். சுவரில் மாட்டிய புதுக் குளிரூட்டி பாடம் சொல்லித் தராது. குப்பைத் தொட்டியைப் பாருங்கள். வேலை நடக்கும் பட்டறையில் விளிம்பு பிளந்த, கோணலாக விரிந்த செப்புக்குழாய்த் துண்டுகள் கிடக்கும். பிள்ளைகள் குழாய் விரிக்கப் பழகிக் கெடுத்தவை அவை. தொட்டி வெறுமையாக இருந்தால் செப்பு வாங்கவே இல்லை என்று கொள்ளலாம். குழாயில் உள்ள காற்றை இழுத்தெடுக்கும் வெற்றிடப் பம்பு இருக்கிறதா, அதில் எண்ணெய் இருக்கிறதா? குளிரூட்டியில் நிரப்பும் ஆர்-410ஏ வாயுவின் அழுத்தம் பழைய ஆர்-22 வாயுவின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு. அதற்கு ஏற்ற அழுத்தமானி வேண்டும். ஆர்-22 மானி மட்டும் தொங்கினால் பிள்ளை பழைய பெட்டியைத்தான் பழகும், கடையில் புதிய பெட்டி முன்னால் திகைத்து நிற்கும். ஒரு கருவித் தொகுதிக்கு எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் என்றால் கடைசிப் பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

'100 வீத வேலைவாய்ப்பு' என்ற வரிக்கு மூன்று எண்களைக் கேளுங்கள். போன அணியில் சேர்ந்தவர் எத்தனை, இறுதி மதிப்பீட்டுக்கு அமர்ந்தவர் எத்தனை, முழுச் சான்றிதழ் பெற்றவர் எத்தனை? முப்பது பேர் சேர்ந்து, பன்னிரண்டு பேர் மதிப்பீட்டுக்குப் போய், பன்னிருவருக்கும் வேலை கிடைத்தாலும் நூறு வீதம் என்று எழுதலாம். படிப்பு முடிந்து மதிப்பீடு வரை எத்தனை மாதம் சென்றது என்பதும் முக்கியம். அந்தத் தொழிலுக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்தான் வரவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பிள்ளை சும்மா வீட்டில் இருக்கும். தொழிலிடப் பயிற்சிக்கு அனுப்பிய இடங்களின் பெயர்களை வாங்கி இரண்டு இடத்துக்காவது நேரில் போங்கள். அங்கே பிள்ளைகள் தேநீர் வாங்கவும் தூசி தட்டவும் போனார்களா, கருவி பிடித்தார்களா என்று வேலைத்தல மேற்பார்வையாளர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

காசு விஷயத்தில், பதிவுக் கட்டணம், கற்பித்தல், மதிப்பீட்டுக் கட்டணம், சீருடை, கருவிகள், பயிற்சிக்காலப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டி, அவர்களைக் கையொப்பமிடச் சொல்லுங்கள். இடைநிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதே தாளில் வரட்டும். நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும், தவணை முறையில் கட்டுங்கள். தனியாளின் கணக்கு இலக்கம் தந்தால் வேண்டாம். கட்ட முன் ஒருமுறை யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிளிநொச்சி அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிலையத்திலும் அதே நெறி உண்டா என்று விசாரியுங்கள். ஆறு மாதம் காத்திருந்தால் அரச நிலையத்தில் கிடைக்கும் படிப்புக்குக் கடன்பட வேண்டியதில்லை.

விண்ணப்பப் படிவத்தில் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். தந்தையின் பெயரை ஓரிடத்தில் முழுதாகவும் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் போட்டாலோ, ஆங்கில எழுத்துக்கூட்டு மாறினாலோ, பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தாமல் போகும். பிறகு வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்த மாவட்டச் செயலகத்திலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் அந்தப் பிழை கண்ணில் படும். படிவத்தை ஒப்படைக்க முன் ஒரு பிரதி எடுத்து, முதல் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.