இணைய வகுப்பில் நடத்தும் பாடம் மனதில் தங்க

வகுப்பறையில் ஒரு மாணவருக்குப் புரியவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். ஆசிரியர் அங்கேயே நிறுத்தி வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பார். இணைய வகுப்பில் முதலில் பறிபோவது இதுதான். கேமராவை அணைத்து வைத்திருக்கும் 40 பெயர்களைப் பார்த்து யாருக்குப் புரிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மாணவருக்கும் இதே சிக்கல் உண்டு. திரையில் ஆசிரியர் கணக்கைப் போட்டு முடிக்கும்போது தனக்கும் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். நோட்டில் தனியாகப் போட்டால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் கீழே உள்ள வழிகள்.

ஆசிரியர்களுக்கு

40 நிமிட வகுப்பை 8 முதல் 10 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் எல்லாரும் எழுதியே ஆக வேண்டிய ஒரு கேள்வி இருக்கட்டும். "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, அமைதிதான் பதிலாக வரும்.

கேட்கும் முறை முக்கியம். கேள்வியைத் திரையில் போட்டு, எல்லாரும் சாட்டில் பதிலைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஆனால் அனுப்பக் கூடாது. ஒரு நிமிடம், கணக்கு என்றால் இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு, "இப்போது அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் வேகமாக எழுதும் ஒருவரின் பதிலையே மற்றவர்களும் அனுப்புவார்கள். வந்த பதில்களில் நாலைந்து தவறுகளைப் பெயர் சொல்லாமல் எடுத்து, எந்த இடத்தில் பிசகியது என்று விளக்குங்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தவறு செய்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். பாடத்திட்டம் ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை.

வாயால் கேட்கும் கேள்விக்குக் காத்திருக்கவும் பழக வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் வருகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். அது நேரடி வகுப்பின் கணக்கு. இணையத்தில் ஒலி தாமதமாகப் போய்ச் சேரும். மாணவர் மைக்கையும் திறக்க வேண்டும். ஆகவே 10 வினாடியாவது பொறுங்கள்.

பதிவு செய்த வீடியோ 6 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கிய பாடங்களைக் கூடுதல் நேரம் பார்த்ததும் அதில் தெரிந்தது. எழுது பலகைக் கருவி இல்லையா? போனை ஒரு ஸ்டாண்டில் கவிழ்த்துப் பொருத்தி, கீழே வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால் எழுதினாலே போதும்.

மாணவர்களுக்கு

வகுப்பு முடிந்ததும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். திரை, நோட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் நிரப்புங்கள். அந்த நிறம் இருக்கும் இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் இதையே செய்யுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது எளிதாக இருக்கும், ஆனால் ஏமாற்றிவிடும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் செய்த சோதனையில், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

வீடியோவில் ஆசிரியர் விடை காட்டுவதற்கு முன்பே நிறுத்தி, நீங்களே போட்டுப் பாருங்கள். சந்தேகம் கேட்கும்போது இடத்தைச் சொல்லிக் கேளுங்கள்: "மூன்றாம் படியில் கழித்தல் குறி எப்படிக் கூட்டலானது?" இதற்கு ஒரே வரியில் பதில் கிடைக்கும். "ஒன்றும் புரியவில்லை" என்றால் யாராலும் உதவ முடியாது. போனில் படிப்பவர்கள் வகுப்பு நேரத்தில் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள்.

பெற்றோருக்கு

பக்கத்தில் உட்கார்ந்து விடையைக் காதில் சொல்லாதீர்கள். குழந்தைக்கு எது தெரியாது என்பதை ஆசிரியர் அறிய இருக்கும் ஒரே வழியை அது அடைத்துவிடும். மாலையில், "இன்று நடத்தியதை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். தடுமாறும் இடத்தைக் குறித்துவைத்து, மறுநாள் கேட்கச் சொல்லுங்கள்.

திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் இருவர் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்தால் ஹெட்போன் கட்டாயம். இல்லாவிட்டால் ஒருவரின் ஒலிபெருக்கிச் சத்தம் மற்றவரின் மைக்கில் புகுந்து எதிரொலிக்கும்.

இணைப்பு தடுமாறினால் முதலில் கேமராவை அணையுங்கள். குரலுக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் வலுவிழக்கும். ரூட்டர் வேறு அறையில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் அறுந்துபோனால், அந்த நேரத்தைக் குழந்தை நோட்டில் எழுதிவைக்கட்டும். பிறகு பதிவை அந்த நிமிடத்திலிருந்து பார்த்து, விட்டுப்போன கேள்விகளுக்கு விடை எழுதிப் படம்பிடித்து அன்றே ஆசிரியருக்கு அனுப்பட்டும்.