டெர்மினல் அமைப்புகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், பெருந்துறை வட்டாரத்துச் சாயப்பட்டறைகளில் இயந்திரங்களைக் கணினியோடு இணைத்துத் தரும் வேலையில் இருப்பதால், லினக்ஸ் டெர்மினலின் (கட்டளைகளைத் தட்டும் திரையின்) அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எஸ்டிடிஒய் (stty) கட்டளை எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை பட்டுத் தெளிந்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து மாறித் தட்டுவது, இடைவெளி விட மறப்பது போன்றவற்றைத் திரையே உடனுக்குடன் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெறும் எஸ்டிடிஒய் காட்டுவதை முழு விவரமாக எடுத்துக்கொள்வது

எதையும் சேர்க்காமல் கட்டளையைக் கொடுத்தால், வேகத்தையும், வழக்கமான நிலையிலிருந்து மாறியிருக்கும் சில அமைப்புகளையும் மட்டுமே அது காட்டும். இரண்டு மூன்று வரிகளைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு கட்டிவிடக் கூடாது. '-ஏ' சேர்த்துக் கொடுத்தால்தான் அனைத்து அமைப்புகளும் வரும். அந்தப் பட்டியலில் ஒரு பெயருக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அந்த அமைப்பு அணைந்திருக்கிறது என்று பொருள்.

வேறு கருவியின் அமைப்பைப் பார்ப்பதாக நினைத்துத் தன் டெர்மினலையே பார்ப்பது

எஸ்டிடிஒய் தன் உள்ளீடு எந்தக் கருவியிலிருந்து வருகிறதோ அதன் அமைப்பைத்தான் தொடும். வெளிக்கருவிகளைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட்டைப் பார்க்க வேண்டுமானால் லினக்ஸில் பெரிய எழுத்து '-எஃப்' கொடுத்து, அந்தப் போர்ட்டின் பெயரையும் கொடுக்க வேண்டும். மேக் கணினியில் அதுவே சிறிய எழுத்து.

வேகத்தை மட்டும் அமைத்துவிட்டு சீரியல் போர்ட் தயார் என்று நம்புவது

எனக்கு இன்றளவும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ஒரு சாயப்பட்டறையில் சாயத் தொட்டிகளின் வெப்பநிலைக் கருவிகளை, கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1979-இல் வந்த மோட்பஸ் முறையில், கணினியின் சீரியல் போர்ட் வழியாக இணைத்திருந்தார்கள். தொட்டி 80 டிகிரிக்கு ஏறியதும் எவ்வளவு நேரம் அதே சூட்டில் நிறுத்துவது என்பதைக் கணினியில் ஓடும் நிரல்தான் கணக்கிட்டது. அந்த நிரல் சில நாள் 53.1 டிகிரியில் நின்றுவிடும். சில நாள் 78.7-இல் நின்றுவிடும்; பல நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடும். முதலில் கேபிளை மாற்றினார்கள், பிறகு எர்த்திங்கைச் சரி பார்த்தார்கள், கடைசியில் நன்றாக இருந்த வெப்பநிலைக் கருவியையே கழற்றிப் புதியது வாங்கிப் போட்டார்கள். அதற்குள் ஒரு லாட் துணி அளவுக்கு மீறிச் சூட்டில் கிடந்து, நிறம் மாறி, மறு சாயத்துக்குப் போயிற்று.

போர்ட்டை அமைத்த தம்பியை அழைத்துக் கேட்டேன். "வேகம் 9600 வெச்சுட்டனுங்க, எக்கோ, ஐகேனான், ஐஎஸ்ஐஜி மூணையும் அணைச்சுட்டனுங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார். எக்கோ என்பது வந்ததைத் திருப்பி அனுப்புவது, ஐகேனான் என்பது வரி வரியாகச் சேர்த்துத் தருவது, ஐஎஸ்ஐஜி என்பது கண்ட்ரோல்-சி போன்றவற்றை நிரலை நிறுத்தும் கட்டளையாக எடுத்துக்கொள்வது. ஐஎஸ்ஐஜியை அவர் விவரத்தோடுதான் அணைத்திருந்தார். மோட்பஸ்ஸில் பதிவேடுகளை, அதாவது கருவி தன் அளவுகளை வைத்திருக்கும் இடங்களை, படிக்கும் கட்டளையின் எண் 3. டெர்மினலுக்கோ 3 என்பது கண்ட்ரோல்-சி. அதனால் அந்தப் பைட் (0 முதல் 255 வரையான ஒரு எண்) வந்த மாத்திரத்தில் விழுங்கப்பட்டதை அவர் கண்டுபிடித்திருந்தார். அத்தோடு தேடலை நிறுத்திக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று, ஏனென்றால் ஐசிஆர்என்எல், ஐஎக்ஸ்ஆன் என்ற இரண்டும் விழித்தபடியே இருந்தன.

ஐசிஆர்என்எல் இயங்கினால் உள்ளே வரும் 13 என்ற பைட் 10 ஆக மாற்றப்படும். விசைப்பலகையில் என்டர் அழுத்தும் மனிதருக்காகச் செய்த ஏற்பாடு அது. ஐஎக்ஸ்ஆன் இயங்கினால் 19 என்ற பைட், அதாவது கண்ட்ரோல்-எஸ், வெளியே போகும் தரவை நிறுத்திவிடும். 17, அதாவது கண்ட்ரோல்-கியூ, மீண்டும் திறந்துவிடும். இரண்டு பைட்டுகளுமே நிரலின் கைக்கு வந்து சேராது. இப்போது தொட்டியின் கணக்கைப் பாருங்கள். 78.5 டிகிரியைக் கருவி 785 என்று அனுப்புகிறது. அது 256-ஆல் வகுபட்டு ஈவு, மீதி என இரண்டு பைட்டுகளாகப் பிரியும்போது 3, 17 என்று ஆகிறது. 78.1 டிகிரி 3, 13 ஆகிறது. 78.7 டிகிரி 3, 19 ஆகிறது. அவ்வாறே 52.5, 52.9, 53.1 ஆகியவை முறையே 13, 17, 19 என்று முடிகின்றன. 13 வந்தால் மதிப்பு மாறிப் பிழைச் சோதனையில் தோற்கும். 17 வந்தால் ஒரு பைட் குறைந்து பதில் அரைகுறையாக நிற்கும். இந்த இரண்டிலும் அந்த ஒரு அளவீடுதான் போகும், நிரல் அடுத்த முறை கேட்டு வாங்கிக்கொள்ளும். 19 வந்தால் கேள்வி கேட்கும் பாதையே அடைபடுகிறது. கேட்டால்தான் கருவி பதில் சொல்லும், கேள்வியோ வெளியே போகாது, ஆகையால் பாதையைத் திறக்க வேண்டிய 17 ஒருபோதும் வந்து சேராது. தொட்டி சூடேறும்போது சரியாக அந்தப் பத்தில் ஒரு டிகிரியில் நிரல் அளவெடுத்தால் நிற்கும், தாண்டிய பிறகு அளவெடுத்தால் ஓடும். பல நாள் குறையின்றி ஓடியதன் காரணம் இவ்வளவே. இதைக் கேபிளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே இயந்திரத்தோடு பேசும் போர்ட்டில் அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்காமல் 'ரா' என்ற ஒரே சொல்லைக் கொடுங்கள். ஐசிஆர்என்எல், ஐஎக்ஸ்ஆன், ஐகேனான், ஐஎஸ்ஐஜி, வெளியே போகும் தரவை மாற்றும் ஓபோஸ்ட் ஆகிய அனைத்தையும் அது ஒரேயடியாக அணைக்கும். ஆனால் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு எஸ்டிடிஒய்யில் 'ரா' கொடுத்தாலும் எக்கோ அணையாது. அதை விட்டுவிட்டால் கருவி அனுப்பிய ஒவ்வொரு பைட்டையும் போர்ட் அப்படியே கருவிக்குத் திருப்பி அனுப்பும். ஒரே இணைப்பில் பல கருவிகள் இருந்தால் அந்தக் கூச்சலில் ஒன்றின் பேச்சும் ஒழுங்காக வந்து சேராது. எனவே 'ரா', '-எக்கோ' என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பேரிட்டி (பிழை காண உதவும் பிட்), ஸ்டாப் பிட் (பைட்டின் முடிவைக் காட்டும் பிட்) ஆகியவற்றைக் கருவியின் கையேட்டைப் பார்த்து அமைத்துவிட்டு, '-ஏ' கொடுத்து ஒருமுறை முழுப் பட்டியலையும் படித்துப் பாருங்கள். யுஎஸ்பி வழியாக இணைத்த போர்ட்டாக இருந்தால், கழற்றி மாட்டியதும் நீங்கள் செய்த அமைப்பு போய்விடும் என்பதையும் மனத்தில் வைத்து, இந்த வரியை நிரல் தொடங்கும் இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

திரை உறைந்துவிட்டது என்று ஜன்னலை மூடுவது

கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள், முதலில் கண்ட்ரோல்-கியூ அழுத்துங்கள்.

பழைய நிலையைச் சேமிக்காமல் ஸ்கிரிப்டில் மாற்றுவது

கடவுச்சொல் கேட்கும் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பில்) எக்கோவை அணைப்பார்கள், கடைசி வரியில் மறுபடி இயக்குவார்கள். நடுவில் பயனர் கண்ட்ரோல்-சி அழுத்தினால் அந்தக் கடைசி வரி ஓடாது; பிறகு தட்டும் எதுவும் திரையில் தெரியாமல் அவர் திகைத்து நிற்பார். '-ஜி' கொடுத்தால் தற்போதைய அமைப்பு முழுவதும் ஒரே சரமாக வரும். அதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, டிராப் கட்டளையின் மூலம், ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அந்தச் சரத்தை எஸ்டிடிஒய்க்கே திருப்பிக் கொடுக்கும்படி எழுதுங்கள்.

குழம்பிய டெர்மினலில் என்டரையே திரும்பத் திரும்ப அழுத்துவது

ஒரு நிரல் பாதியில் செத்துப்போய் டெர்மினலை 'ரா' நிலையிலேயே விட்டுச் சென்றால், என்டர் அனுப்பும் 13 வரி முடிவாக மாற்றப்படாமல் போகலாம். அப்போது நீங்கள் தட்டிய கட்டளை ஏற்கப்படாது. கண்ட்ரோல்-ஜே அழுத்தி, டெர்மினலை வழக்கமான நிலைக்குத் திருப்பும் 'எஸ்டிடிஒய் சேன்' என்பதைத் தட்டி, மீண்டும் கண்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். தட்டுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொறுமையாக முழுவதையும் தட்டுங்கள். எழுத்துகளே கோடும் கட்டமுமாக மாறியிருந்தால் ரீசெட் கட்டளை தேவைப்படும்.

பாஷ்ஆர்சி கோப்பில் சோதனை இல்லாமல் எழுதுவது

கண்ட்ரோல்-எஸ் தொல்லையை ஒழிக்க '-ஐஎக்ஸ்ஆன்' வரியை, டெர்மினல் திறக்கும்போது தானாகப் படிக்கப்படும் பாஷ்ஆர்சியில் சேர்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்டும்போதும் அந்தக் கோப்பு படிக்கப்படலாம். அப்போது அங்கே டெர்மினல் இருக்காது என்பதால் எஸ்டிடிஒய் பிழைச் செய்தியைக் கக்கும். இரவில் தானாக ஓடும் பணிகளின் பதிவுக் கோப்பு முழுவதும் அந்தச் செய்தியே நிறைந்துவிடும். உள்ளீடு டெர்மினல்தானா என்பதை '-டி 0' சோதனையால் உறுதி செய்துகொண்ட பிறகே அந்த வரி ஓட வேண்டும்.