கொழும்பிலிருந்து ஐரோப்பியக் கால்பந்துக் கழகமொன்றின் முழுப் பருவத்தையும் தவறவிடாமல் தொடர்வது எப்படி

ஐரோப்பியத் தொடருக்குத் தகுதிபெற்ற, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகம் ஓகஸ்ட் முதல் மே வரை நான்கு தொடர்களில் ஆடுகிறது: 38 லீக் ஆட்டங்கள், எஃப்.ஏ. கிண்ணம், லீக் கிண்ணம் என்ற இரு உள்நாட்டுக் கிண்ணத் தொடர்கள், ஓர் ஐரோப்பியத் தொடர் (சம்பியன்ஸ் லீக், அதற்கு அடுத்த யூரோப்பா லீக், மூன்றாவதான கொன்பெரன்ஸ் லீக் என்பவற்றுள் ஒன்று). லீக் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு, சனிக்கிழமை முன்னணி வீரரைப் பயிற்றுநர் ஏன் வெளியே உட்காரவைத்தார் என்பது விளங்காது. நான்கையும் ஒரே நாட்காட்டியில் போடுங்கள்.

அதிகம் பிழைப்பது நேரம் அல்ல, திகதிதான். செவ்வாய் இரவு என்று அறிவிக்கப்படும் சம்பியன்ஸ் லீக் ஆட்டம் நமக்குப் புதன் அதிகாலை. வியாழன் இரவு யூரோப்பா லீக் ஆட்டம் பல வேளை வெள்ளி அதிகாலைக்குப் போகும். அடுத்த சிக்கல் கடிகார மாற்றம். இலங்கையில் நேரம் மாறுவதில்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். லண்டன் நேரத்தோடு கோடையில் நான்கரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கூட்டினால் கொழும்பு நேரம். சனி பிற்பகல் 3 மணி ஆட்டம் கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சம்பியன்ஸ் லீக்கின் பிந்திய ஆட்டங்கள் அதிகாலை 12.30 அல்லது 1.30. கைபேசி நாட்காட்டியில் பதியும்போது நேர வலயமாக லண்டனைத் தெரிவுசெய்து அங்குள்ள நேரத்தையே இடுங்கள். மாற்றத்தைக் கைபேசி பார்த்துக்கொள்ளும். கொழும்பு நேரத்தை நீங்களே கோடைக் கணக்கில் கணக்கிட்டு இட்டால் நவம்பர் ஆட்டங்கள் எல்லாம் ஒரு மணித்தியாலம் பிசகும்.

ஜூனில் வெளியாகும் அட்டவணையை நம்பி லீவு போட வேண்டாம். தொலைக்காட்சிக்குத் தெரிவாகும் ஆட்டங்கள் பின்னர் வெள்ளி, ஞாயிறு, திங்கள் என்று நகரும். வியாழன் ஐரோப்பாவில் ஆடும் கழகத்தின் வார இறுதி ஆட்டம் வழக்கமாக ஞாயிறுக்குப் போய்விடும். கிண்ண ஆட்டங்களால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போவதால், பட்டியலில் புள்ளியைப் பார்க்குமுன் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

சம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் 36 அணிகளின் ஒரே பட்டியல். ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள், எட்டும் வெவ்வேறு எதிரணிகள். முதல் எட்டு அணிகள் நேரே கடைசி 16க்குப் போகும். 9 முதல் 24 வரை இரண்டு ஆட்டங்கள் கொண்ட தகுதிச் சுற்று ஆட வேண்டும். 25ஆம் இடமோ அதற்குக் கீழோ என்றால் ஐரோப்பா முடிந்தது, யூரோப்பா லீக்குக்கு இறங்கும் வழி இப்போது இல்லை. எத்தனை புள்ளி போதும்? முதல் பருவத்தில் எட்டாம் இடத்து அஸ்டன் வில்லாவுக்கு 16 புள்ளிகள். 24ஆம் இடத்து கிளப் புரூஜும் 25ஆம் இடத்து டினாமோ சாக்ரெப்பும் தலா 11 புள்ளிகள். கோல் வித்தியாசம்தான் (அடித்த கோல்களிலிருந்து வாங்கியவற்றைக் கழித்து வருவது) சாக்ரெப்பை வெளியேற்றியது. ஆகவே மூன்று கோலால் முன்னிலை வகிக்கும் அணி நான்காவதைத் தேடினால் அதை வீண் ஓட்டம் என்று எண்ண வேண்டாம். 15ஆம் இடத்தில் முடித்த பாரிஸ் சென் ஜெர்மன்தான் அந்தப் பருவத்தின் கிண்ணத்தையும் வென்றது.

வெளியேற்றச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்துக்கு உறக்கத்தைத் திட்டமிடுங்கள். மொத்தக் கோல்கள் சமனானால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்தவருக்கு வெற்றி தந்த வெளிமைதான கோல் விதி 2021-22இலேயே நீக்கப்பட்டது. இப்போது சமனானால் மேலதிகமாக 30 நிமிடம், பிறகு பெனால்டி. 1.30க்குத் தொடங்கியது நான்கு மணியைத் தாண்டலாம். இறுதியாட்டம் மட்டும் சுகம்: 2026 முதல் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 6 மணிக்கு, நமக்கு இரவு 9.30.

மஞ்சள் அட்டைகளைத் தொடருக்கொரு பத்தியாகத் தனித்தனியே குறித்துவாருங்கள். பிரீமியர் லீக்கில் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கியவருக்கு ஓர் ஆட்டத் தடை. 32 ஆட்டங்களுக்குள் பத்து என்றால் இரண்டு ஆட்டங்கள். சம்பியன்ஸ் லீக்கில் மூன்றாவது மஞ்சளுக்கே ஓர் ஆட்டம், பிறகு ஐந்தாவது, ஏழாவது. காலிறுதி முடிந்ததும் கணக்கு அழியும். ஒன்றின் மஞ்சள் மற்றதில் சேராது. ஐரோப்பியத் தொடருக்குக் கழகம் பதிந்துள்ள வீரர் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவையுங்கள். 'ஏ' பட்டியலில் 25 பேருக்கே இடம், அதில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றோருக்கு ஒதுக்கியவை. லீக்கில் அசத்தும் ஒருவர் புதன் அதிகாலையில் காணாமற்போனால் முதலில் தேட வேண்டிய இடம் அது.

மே மாதத்தில் அடுத்த பருவத்தின் ஐரோப்பிய இடங்களைக் கணக்கிடும்போது கிண்ணங்களை மறக்காதீர்கள். எஃப்.ஏ. கிண்ணம் யூரோப்பா லீக்குக்கும், லீக் கிண்ணம் கொன்பெரன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கும், யூரோப்பா லீக் வெற்றி சம்பியன்ஸ் லீக்குக்கும் வழிவிடும். 2025இல் டொட்டன்ஹாம் லீக்கில் 17ஆவது. ஆனாலும் யூரோப்பா லீக்கை வென்று சம்பியன்ஸ் லீக்கில் ஆறாவது ஆங்கிலக் கழகமாக நுழைந்தது.